டர்பன் கோடையில் 20 லிட்டர் பேல் ஏல்: காய்ச்சுதலும் சுவைத்தலும்

ஜனவரியில் டர்பன் வீட்டுக் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரே 25 டிகிரியை ஒட்டி இருக்கும். சமையலறைக் காற்று 27, 28. குளிர்நாட்டுக் கையேடுகள் ஒரே வரியில் கடந்துவிடும் ‘வோர்ட்டைக் (நொதிக்குமுன் உள்ள மால்ட் சாறு) குளிர்வித்து ஈஸ்ட் போடுவது’ இங்கே தனியாகத் திட்டம் போட வேண்டிய வேலை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் வீட்டில் பியர் காய்ச்சிப் பார்த்துக் கைவிட்டவர்கள் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) மட்டம், ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் கொடிப்பூ) பழசு என்றுதான் பெரும்பாலும் குறைப்படுவார்கள். அவர்கள் சொல்லும் சுவையைக் கேட்டால் காரணம் வேறு என்று தெரியும்: தொண்டையில் சாராய எரிச்சல், வாழைப்பழ எசன்ஸ் வாசனை. இந்த இரண்டும் ஈஸ்ட் சூட்டில் வேலை செய்ததன் அடையாளம். ஈஸ்ட் போட்ட முதல் மூன்று நாள் வெப்பத்தைக் கட்டுப்படுத்தினால் சாதாரண மால்ட்டிலும் நல்ல பியர் வரும். அதைக் கோட்டைவிட்டால் எந்த விலை ஹாப்ஸும் காப்பாற்றாது.

கீழே இருப்பது 20 லிட்டர் பேல் ஏல் ஒன்றின் முழுப் பதிவு. மால்ட் ஊறுவதிலிருந்து கிளாஸில் சுவைப்பது வரை, எங்கே என்ன அளவு, எங்கே என்ன கெடும் என்று வரிசையாக வருகிறது. வீட்டுக்குக் காய்ச்சுகிறவர்களுக்கான குறிப்பு இது. விற்பதற்கு உரிமம் வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இதில் வேலையே இல்லை.

ஏன் இந்த பியர்

இலக்கு 5 சதவீத ஆல்கஹால், கசப்பு 35 ஐ.பி.யு. (பியர் கசப்பின் அலகு) அளவில். கிராஃப்ட் பியர் என்றதும் 60, 70 ஐ.பி.யு. கசப்புக்குப் போகிற ஆசை பலருக்கு உண்டு. டர்பன் சாப்பாட்டோடு அது ஒத்துவராது. மிளகாயின் எரிவைக் கசப்பும் ஆல்கஹாலும் வாயுக் குமிழியும் மூன்றும் சேர்ந்து தூக்கிவிடும். ஆட்டுக்கறி பனி சோவோடு (குடைந்த ரொட்டியில் கறி நிரப்பியது) கடுங்கசப்பு ஐ.பி.ஏ. (ஹாப்ஸ் மிகுந்த ஏல் வகை) குடித்தால் இரண்டாவது வாயிலேயே கறியின் மசாலா வாசனை போய் எரிச்சல் மட்டும் மிஞ்சும். 35 ஐ.பி.யு., கொஞ்சம் மால்ட் இனிப்பு, பழ வாசனை ஹாப்ஸ் என்றால் மசாலாவும் நிற்கும், பியரும் நிற்கும்.

ஹாப்ஸ் மூன்றும் தென்னாப்பிரிக்க வகைகள்: சதர்ன் ஸ்டார், சதர்ன் பேஷன், ஆஃப்ரிக்கன் குவீன். எல்லாம் மேற்குக் கேப்பின் ஜார்ஜ் நகரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் விளைபவை. ஹாப்ஸ் கொடிக்கு நீண்ட கோடைப் பகல் வேண்டும். ஜார்ஜ் இருக்கும் 34 டிகிரி தெற்கு அட்சரேகையில் பகல் அவ்வளவு நீளம் இல்லை. அதனால் ஒரு காலத்தில் தோட்டங்களில் மின்விளக்கு கட்டிப் பகலை நீட்டினார்கள். பிறகு குறைந்த பகலிலும் பூக்கும் ‘சதர்ன்’ வகைகளை இங்கேயே இனக்கலப்பில் உருவாக்கினார்கள். 2017-இல் பெரும் பியர் நிறுவனமான ஏபி இன்பெவ் இந்த ஹாப்ஸை வெளிநாட்டுச் சிறு மதுவாலைகளுக்கு விற்பதில்லை என்று அறிவித்தபோது அமெரிக்கக் காய்ச்சுநர்கள் பெரிதாகக் குரல் எழுப்பினார்கள். அவர்கள் ஏங்கிய சரக்கு நமக்கு உள்ளூர்ச் சரக்கு. அதை விட்டுவிட்டு இறக்குமதி ஹாப்ஸுக்கு இரட்டை விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். வாங்கும்போது பொட்டலத்தில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். வெற்றிடப் பொட்டலம் உப்பியிருந்தாலோ, பிரித்ததும் பழைய சீஸ் வாடை வந்தாலோ வேண்டாம். பிரித்த மிச்சத்தைக் காற்றை அழுத்தி வெளியேற்றி ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.

பொருட்கள்

பேல் மால்ட் 4.2 கிலோ
மியூனிக் மால்ட் 400 கிராம்
கோதுமை மால்ட் 200 கிராம்
சதர்ன் ஸ்டார் 15 கிராம், 60 நிமிடக் கொதிக்கு
சதர்ன் பேஷன் 20 கிராம், கடைசி 10 நிமிடத்துக்கு
ஆஃப்ரிக்கன் குவீன் 30 கிராம், அடுப்பை அணைத்த பிறகு
உலர் ஹாப்ஸுக்குச் (கொதிக்க வைக்காமல் நொதிப்பின் இறுதியில் போடுவது) சதர்ன் பேஷன் 30, ஆஃப்ரிக்கன் குவீன் 30 கிராம்
சேஃப்ஏல் யு.எஸ்-05 ஈஸ்ட், 11.5 கிராம் பொட்டலம் ஒன்று
தண்ணீர் 29 லிட்டர்

சதர்ன் ஸ்டார் அளவு, அதில் கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 15 சதவீதம் என்ற கணக்கில் போட்டது. ஆண்டுக்காண்டு இது மாறும். 15-ஐ 15-ஆல் பெருக்கினால் 225. உங்கள் பொட்டலத்தில் 12 சதவீதம் என்றிருந்தால் 225-ஐ 12-ஆல் வகுத்து 19 கிராம் போடுங்கள். இந்த ஒரு கணக்கைச் செய்யாமல் எடையை மட்டும் பின்பற்றினால் ஒவ்வொரு முறையும் கசப்பு வேறாக இருக்கும்.

இன்னொன்று. ஜோகன்னஸ்பர்க் நண்பர்கள் தரும் செய்முறையை அப்படியே எடுக்காதீர்கள். அந்த ஊர் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கொதி வெப்பம் குறைந்தால் ஹாப்ஸிலிருந்து இறங்கும் கசப்பும் குறையும், அதை ஈடுகட்ட அவர்கள் ஹாப்ஸைக் கூட்டிப் போடுவார்கள். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் அதே அளவைக் கொதிக்க வைத்தால் நமக்குக் கசந்துவிடும்.

தண்ணீர்

டர்பன் குடிநீர் பேல் ஏலுக்கு நல்ல அடித்தளம். மென்மையான தண்ணீர், உப்பு குறைவு. சிக்கல் குளோரின். குளோரின் மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உருவாகும். மிகச் சிறு அளவிலேயே டெட்டால் வாசனை, காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் வாசனை வரும். எவ்வளவு நாள் வைத்தாலும் இந்த வாடை போகாது, மொத்தத்தையும் கொட்டத்தான் வேண்டும். தடுப்பதோ மிக எளிது: 29 லிட்டருக்குக் கேம்ப்டன் மாத்திரை அரை. பொடித்துப் போட்டுக் கிளறி ஐந்து நிமிடம் விட்டால் போதும். முந்தின இரவே பிடித்துத் திறந்து வைத்தால் குளோரின் ஓரளவு போகும், ஆனால் குளோரமைன் போகாது. மாத்திரை இரண்டையும் முறிக்கும்.

பிறகு ஜிப்சம் 5 கிராம், கால்சியம் குளோரைடு 3 கிராம். ஜிப்சத்தின் சல்ஃபேட் ஹாப்ஸ் கசப்பைக் கூர்மையாக்கும், குளோரைடு மால்ட்டின் உடலைக் கூட்டும். சல்ஃபேட்டும் குளோரைடும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தில் பியர் வறண்டும் இருக்காது, மந்தமாகவும் இருக்காது. தேக்கரண்டியால் அளக்காமல் நகைக்கடைத் தராசு மாதிரியான சின்னத் தராசில் நிறுக்க வேண்டும்.

ஊறலும் கொதியும்

பை முறைதான் வீட்டுக்கு வசதி: 40 லிட்டர் பாத்திரம், அதற்குள் மெல்லிய வலைத்துணிப் பை, மொத்தத் தண்ணீரும் ஒரே தடவையில். தண்ணீரை 69 டிகிரிக்குச் சூடாக்கி மால்ட்டைக் கொட்டினால் கலவை 66-இல் நிற்கும். கட்டி இல்லாமல் கிளறுங்கள். கட்டிக்குள் இருக்கும் மாவு கடைசிவரை உலர்ந்தே கிடக்கும், அந்தச் சர்க்கரை நமக்குக் கிடைக்காது. மூடி, பழைய கம்பளியைச் சுற்றி 60 நிமிடம்.

66 டிகிரி என்பது நடுவாந்திரம். 63-இல் ஊறினால் நொதிக்கும் சர்க்கரை கூடி பியர் வறண்டு மெலியும். 69-க்குப் போனால் நொதிக்காத சர்க்கரை மிஞ்சி வாயில் கனமாகும். காரமான கறிக்கென்றே காய்ச்சுவதானால் 67 வைக்கலாம். அந்த மிச்ச இனிப்பு எரிவைத் தணிக்கும்.

பத்து நிமிடம் கழித்து ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்து பி.எச். பாருங்கள். 5.3 முதல் 5.5 வரை சரி. இவ்வளவு தண்ணீரும் வெளிர் மால்ட்டும் சேர்ந்தால் சற்று மேலேதான் நிற்கும். 80 சதவீத லாக்டிக் அமிலம் 2 மில்லி சேர்த்துக் கிளறி மறுபடி அளந்து, தேவையென்றால் இன்னும் ஒரு மில்லி. 5.7-க்கு மேல் விட்டுவிட்டால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். ஆறிப்போன தேநீர் நாக்கில் ஒட்டுவது போன்ற அந்தத் துவர்ப்பைப் பலர் ஹாப்ஸ் கசப்பு என்று நினைத்துக்கொண்டு, அடுத்த முறை ஹாப்ஸைக் குறைத்துப் பியரைச் சப்பையாக்குகிறார்கள்.

பையைத் தூக்கி வடியவிட்டால் 25.5 லிட்டர் வோர்ட் நிற்கும், அடர்த்தி 1.040 (வெறும் தண்ணீர் 1.000). ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது. மாதிரி 28 டிகிரியில் இருந்தால் 0.002 கூட்டிக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றி அளந்த கணக்கு எதற்கும் உதவாது. 1.036-க்குக் கீழ் இருந்தால் மால்ட் சரியாக அரைபடவில்லை என்று பொருள். அடுத்த முறை பை முறைக்கென்று சொல்லி இன்னும் நுணுக்கி அரைக்கச் சொல்லுங்கள்.

எரிவாயு அடுப்பை வீட்டுக்கு வெளியே வையுங்கள். 60 நிமிடம், மூடி போடாமல், நன்றாகப் புரளும் கொதி. மால்ட்டிலிருந்து வரும் டி.எம்.எஸ். என்ற கந்தகச் சேர்மம் ஆவியோடு போக வேண்டும். மூடி வைத்துக் கொதித்தால் அது திரும்ப உள்ளேயே சொட்டும். முடிந்த பியரில் அவித்த மீலி (மக்காச்சோளக் கதிர்) வாசனை வந்தால் இதுதான் காரணம். கொதி எழும்பும் முதல் சில நிமிடம் நுரை பொங்கி வழியும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். 15 நிமிடம் மிச்சமிருக்கும்போது ஐரிஷ் பாசி மாத்திரை அரை போட்டால் கசடு திரண்டு இறங்கும். அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறங்கியதும் ஆஃப்ரிக்கன் குவீனைப் போட்டு 20 நிமிடம். 80-க்கு மேல் போட்டால் வாசனை எண்ணெய் பறந்து, கசப்பு ஏறும்.

குளிர்விப்பு

10 மீட்டர் செம்புச் சுருளில் குழாய்த் தண்ணீர் ஓடவிட்டால் வோர்ட் வேகமாக 40-க்கு இறங்கும், பிறகு நத்தை வேகம், 30-இல் நின்றுவிடும். 25 டிகிரித் தண்ணீர் அதற்குக் கீழே இறக்காது. இந்த இடத்தில் பொறுமையிழந்து 30-இலேயே ஈஸ்ட்டைத் தூவுவதுதான் டர்பன் பியர்களின் பொது நோய்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, கராஜ் (பெட்ரோல் நிலையம்) கடையில் 2 கிலோ ஐஸ் பை மூன்று வாங்கி வாளியில் தண்ணீரோடு போட்டு, சின்ன நீர்மூழ்கிப் பம்பினால் அந்த ஐஸ் நீரைச் சுருள் வழியே சுற்றவிடுவது. ஐஸை 30 டிகிரிக்கு வந்த பிறகுதான் தொடங்க வேண்டும். கொதிவோர்ட்டுக்கே ஐஸ் நீர் விட்டால் 60 டிகிரியிலேயே ஐஸ் தீர்ந்துவிடும். சுற்றிவரும் முதல் வாளி வெந்நீரை வெளியே விடுங்கள். இரண்டாவது வழி, 30-இலேயே கிருமிநீக்கிய நொதிகலனில் ஊற்றி மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, 18-க்கு வந்த பிறகு ஈஸ்ட் போடுவது. ராத்திரி முழுக்க ஆகும். கலனும் மூடியும் சுத்தமாக இருந்தால் பயமில்லை. அவசர அவசரமாகச் சூட்டில் ஈஸ்ட் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கிருமிநீக்கியான ஸ்டார் சான் லிட்டருக்கு 1.5 மில்லி, எல்லா இடமும் நனைந்து இரண்டு நிமிடம். கழுவ வேண்டாம், நுரை இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அழுக்கின்மேல் கிருமிநீக்கி வேலை செய்யாது. முதலில் சோடியம் பெர்கார்பனேட் வெந்நீரில் ஊறவைத்துப் பிசுபிசுப்பு போகக் கழுவியாக வேண்டும்.

நம் சமையலறைக்கென்று ஒரு எச்சரிக்கை. இட்லி மாவும் கூழும் புளிக்கும் அதே மேடையில் நொதிகலனைத் திறக்காதீர்கள். மாவைப் புளிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியா, ஹாப்ஸ் குறைந்த பியரிலும் நன்றாக வளரும். உம்கொம்போத்தி காய்ச்சிய பிளாஸ்டிக் வாளிக்கும் இதே விதி. மக்காச்சோளமும் சோளமும் கொண்டு செய்யும் அந்தப் பானத்துக்கு லாக்டிக் புளிப்புதான் உயிர், குணம். அதே வாளியின் கீறல்களில் தங்கிய பாக்டீரியா பேல் ஏலுக்கு வந்தால் இரண்டு மாதத்தில் பாட்டில் பீறிடும். இரண்டுக்கும் தனித்தனி வாளி, தனித்தனிக் குழாய்.

முதல் மூன்று நாள்

ஈஸ்ட் போடும்போது தொடக்க அடர்த்தி 1.048. கலனை நன்றாகக் குலுக்கிக் காற்றைக் கலந்து, 18 டிகிரியில் யு.எஸ்-05-ஐ மேலே தூவுங்கள். இந்த அடர்த்திக்கு 20 லிட்டருக்கு ஒரு பொட்டலம் போதும். கோடையில் கூரியர் வண்டியில் நாள் முழுக்க வெந்து வந்த பொட்டலத்தை நம்பாதீர்கள். கடையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

இனிதான் முக்கியமான பகுதி. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடு கிளப்பும். உச்சத்தில் கலனுக்குள் இருக்கும் பியர், சுற்றியுள்ள காற்றைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 27 என்றால் பியர் 31. அந்தச் சூட்டில் யு.எஸ்-05 தொண்டையை எரிக்கும் ஃபியூசல் ஆல்கஹால்களையும் பழ எஸ்டர்களையும் தாராளமாக உண்டாக்கும். அவை உருவாவது பெரும்பாலும் ஈஸ்ட் பெருகும் தொடக்கக் கட்டத்தில். மூன்றாம் நாளுக்குப் பிறகு குளிர்வித்துப் பயனில்லை.

ஈரத்துணி சுற்றி மின்விசிறி வைக்கச் சொல்வார்கள். ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் அது நன்றாக வேலை செய்யும். டர்பனில் 27 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரத்துணி எவ்வளவு உலர முயன்றாலும் 24-க்குக் கீழே இறங்காது. ஆவியாக இடமே இல்லாத காற்றில் ஆவிக்குளிர்ச்சி எப்படி வரும்? இதை நம்பிக் கெட்ட பியர்கள் கடற்கரை நெடுகிலும் உண்டு.

ஆகவே பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று. கதவு ரப்பர் இறுக்கமாக இருந்தால் போதும், அலமாரி உடைந்திருந்தால் இன்னும் விலை குறையும். எஸ்.டி.சி-1000 போன்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை அதன் மின்சாரத்துக்கு நடுவே பொருத்த வேண்டும். மின்வேலை தெரியாதவர்கள் செருகியிலேயே பொருத்தும் ஆயத்தக் கருவி வாங்குங்கள். உணர்முனையைக் காற்றில் தொங்கவிடக் கூடாது. கலனின் பக்கத்தில், பியர் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே ஸ்பாஞ்ச் வைத்துப் பட்டை சுற்ற வேண்டும். காற்றில் தொங்கினால் காற்று 18, பியர் 22 என்று ஏமாற்றும். இலக்கு 18, ஏற்ற இறக்கம் 0.5, கம்ப்ரசர் தாமதம் 5 நிமிடம்.

இந்தத் தாமதம் நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். லோட்ஷெடிங்கோ, துணைமின் நிலையக் கோளாறோ, மின்சாரம் போய் வந்து மறுபடி போகும். அழுத்தம் இறங்குமுன் கம்ப்ரசர் திரும்ப ஓடத் தொடங்கினால் மோட்டார் போய்விடும். மின்னெழுச்சிக் காப்புச் செருகியும் போடுங்கள். இரண்டு, இரண்டரை மணி நேர மின்வெட்டில் கதவைத் திறக்காமலிருந்தால் 20 லிட்டர் பியர் ஒரு டிகிரிக்குள்தான் ஏறும். அதற்கே பதறிக் கதவைத் திறந்து பார்ப்பதுதான் சூட்டை உள்ளே விடும். அதைவிட நீளும் என்று தெரிந்தால், 2 லிட்டர் பாட்டிலில் உறையவைத்த தண்ணீர் இரண்டை உள்ளே வைத்து மூடிவிடுங்கள்.

ஃப்ரிட்ஜுக்கு வழியில்லாதவர்கள் ஈஸ்ட்டை மாற்றுங்கள். நார்வே பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த குவெய்க் ஈஸ்ட், 30 டிகிரிக்கு மேலும் சுத்தமாக நொதிக்கும். உலர் வடிவில் கிடைக்கும் வோஸ் குவெய்க் 35-ஐத் தாண்டினாலும் ஃபியூசல் தராது. ஐஸ் வேண்டாம், பம்பு வேண்டாம், 32-இலேயே போடலாம். மெல்லிய ஆரஞ்சு வாசனை வரும், அது சதர்ன் பேஷனோடு அழகாகப் பொருந்தும். ஈஸ்ட் ஊட்டத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் சேர்க்க மறக்காதீர்கள். இரவு குளிர்ந்தால் இந்த ஈஸ்ட் சோம்பிவிடும் என்பதால் கலனைக் கம்பளியில் சுற்றி வையுங்கள். டர்பனில் கோடையில் முதன்முதலாகக் காய்ச்சுகிறவருக்கு எங்கள் சிபாரிசு இதுதான். ஃப்ரிட்ஜ் இல்லாமல், குளிரில் நொதிக்க வேண்டிய லாகர் பக்கம் போகவே வேண்டாம்.

யு.எஸ்-05-க்கு வருவோம். 18-இல் நிறுத்தி, அடர்த்தி 1.020-க்கு இறங்கியதும் 20, 21-க்கு ஏற விடுங்கள். இந்தக் கட்டத்தில் சூடு கெடுதல் அல்ல, உதவி. ஈஸ்ட் தான் வெளியேற்றிய டையசெட்டிலை (வெண்ணெய் வாசனை தரும் பொருள்) திரும்ப எடுத்துக்கொள்ள இந்தச் சூடு வேண்டும். 1.010-இல் நின்றால் நொதிப்பு முடிந்தது. ஆல்கஹால் 5 சதவீதம். ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் நீரடைப்பு) குமிழி நிற்பதை அளவாகக் கொள்ளாதீர்கள். மூடி கசிந்தாலும் குமிழி நிற்கும், வெப்பம் ஏறினாலும் குமிழி வரும்.

உலர் ஹாப்ஸ், பிறகு பாட்டில்

அடர்த்தி 1.012-ஐ ஒட்டி இருக்கும்போது 60 கிராம் உலர் ஹாப்ஸைப் போட்டு மூன்று நாள். ஹாப்ஸில் இருக்கும் நொதிப்பொருள்கள், ஈஸ்ட் தொட முடியாத சர்க்கரையை உடைத்துக் கொடுக்கும். உடனே ஈஸ்ட் மறுபடி வேலை தொடங்கும். அடர்த்தி 1.010-லிருந்து 1.008-க்கு இறங்குவதும், போயிருந்த வெண்ணெய் வாசனை திரும்புவதும் இதனால்தான். உலர் ஹாப்ஸ் போட்டதும் குளிர்வித்து பாட்டிலில் அடைத்தால் அந்த மிச்ச நொதிப்பு பாட்டிலுக்குள் நடந்து அழுத்தம் ஏறும். அடர்த்தி இரண்டு நாள் அசையாமல் நின்றதைப் பார்த்த பிறகே மேலே போக வேண்டும்.

வெண்ணெய் வாசனை இருக்கிறதா என்பதற்குச் சோதனை எளிது. இரண்டு சின்னக் குப்பியில் மாதிரி எடுங்கள். ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் பாப்கார்ன் வெண்ணெய் வாடை வந்தால் டையசெட்டிலாக மாறக்கூடிய முன்னோடிப் பொருள் இன்னும் மிச்சம். இரண்டு நாள் 21-இல் விட்டு மறுபடி செய்யுங்கள்.

பிறகு 2 டிகிரிக்கு இரண்டு நாள் குளிர்விப்பு. குளிரக் குளிர உள்ளே காற்று சுருங்கி ஏர்லாக் நீரை உறிஞ்சும். ஏர்லாக்கை எடுத்துவிட்டுத் துளையை இறுக்கமாக அடையுங்கள்.

பாட்டில் பழுப்புக் கண்ணாடியாக இருக்கட்டும், திருகு மூடி வகை வேண்டாம், அதில் மூடி சரியாகப் பிடிக்காது. பச்சை, வெள்ளைப் பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கசப்புச் சேர்மம் உடைந்து குமட்டும் கந்தக நாற்றம் வரும். டர்பன் வெயிலில் அதற்கு நிமிடக் கணக்கே போதும்.

19 லிட்டருக்கு வெள்ளைச் சர்க்கரை 117 கிராம். 300 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடைக்கும் வாளியின் அடியில் ஊற்றி அதன்மேல் பியரைச் சலசலப்பில்லாமல் இறக்குங்கள். மக்காச்சோளக் குளுக்கோஸைத் தேடிப் போக வேண்டாம். 1860 முதல் நம்மவர்கள் வெட்டிய நேட்டால் கரும்பின் சர்க்கரையே இதற்குப் போதுமான சுத்தம். 117 கிராம் என்ற கணக்கு, நொதிப்பு முடிந்தபின் பியர் எட்டிய மிக உயர்ந்த வெப்பம் 20, 21 டிகிரி என்பதை வைத்துப் போட்டது. அடைக்கும்போது பியர் 2 டிகிரியில் இருக்கிறதே என்று 2-ஐக் கணக்கில் போட்டால் சர்க்கரை குறைந்து பியர் சப்பென்று இருக்கும். குவெய்க் 34-இல் முடிந்திருந்தால் பியரில் தங்கிய வாயு இன்னும் குறைவு, அதனால் 15 கிராம் கூட்டுங்கள்.

பியரைப் பாட்டிலின் அடிவரை குழாய் விட்டு நிரப்புங்கள். மேலே இரண்டரை சென்டிமீட்டர் இடம். காற்றில் தெறித்து விழுந்தால் ஒரே மாதத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக்கில் அடையுங்கள். அழுத்திப் பார்த்தால் கல்போல் இறுகியதும் மற்றவையும் தயார் என்று தெரியும். அறை வெப்பத்தில் 10 முதல் 14 நாள், இருட்டில், பெட்டிக்குள் வைத்து மூடி. பிளாஸ்டிக் பாட்டில் உப்பி அடிப்பாகம் வெளியே தள்ளினால் எல்லாவற்றையும் உடனே குளிர்வித்து, கைக்குத் துணி சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக வாயு விடுங்கள்.

இந்த பியர் நீண்ட நாள் நிற்பதல்ல. புரட்டாசி விரதம் முடிந்து தீபாவளிக்குத் திறக்க வேண்டுமென்றால் பேல் ஏல் வேண்டாம், ஆகஸ்டில் போர்ட்டர் காய்ச்சி அடைத்து வையுங்கள். கறுத்த மால்ட் பியருக்கு இரண்டு மாத ஓய்வு நல்லது செய்யும். ஆகஸ்டில் குழாய்த் தண்ணீரும் குளிர்ந்திருப்பதால் ஐஸ் செலவும் குறையும்.

நாக்கால் அளப்பது

சுவைக்கும்போது வெப்பம் 7 முதல் 10 டிகிரி. பிராயில் (வெளியில் கறி சுடும் விருந்து) ஐஸுக்குள் கிடந்த பியரை அப்படியே ஊற்றினால் நாக்கு மரத்துக் குறையும் தெரியாது, நிறையும் தெரியாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வையுங்கள். சோப்பு வாசனையில்லாத கிளாஸ், வாய் குறுகியதாக இருந்தால் நல்லது. பாட்டிலின் அடிக்கசடு கிளாஸுக்கு வரக் கூடாது, கடைசி விரல் அளவை விட்டுவிடுங்கள். கறி தாளிக்கிற வேளையில் சுவைக்க உட்காராதீர்கள். வெங்காயமும் மசாலாவும் காற்றில் இருந்தால் மூக்கு வேலை செய்யாது.

முதலில் மூக்கு, ஊற்றிய உடனே. நுரையோடு எழும் வாசனை ஒரு நிமிடத்தில் பாதி போய்விடும். இந்தப் பியரில் முன்னால் வர வேண்டியது கிரனடில்லா (பேஷன் பழம்), கொய்யா. பின்னால் நெல்லிக்காய் போன்ற பச்சைப் புளிப்பு வாசனை, அது ஆஃப்ரிக்கன் குவீன். பிறகு வாய்: ரொட்டி மேலோட்டின் மெல்லிய இனிப்பு, நடுவில் பழம், விழுங்கியதும் பத்துப் பதினைந்து விநாடி நின்று மறையும் கசப்பு. கசப்பு மறையாமல் நாக்கில் ஒட்டிச் சுரண்டினால் அது துவர்ப்பு. ஊறல் பி.எச்.-ஐப் பாருங்கள்.

பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் அடைத்துவிட்டீர்கள், ஒரு வாரம் அறை வெப்பத்தில் விட்டால் குறையலாம். மூக்கைக் குத்தும் சூடு, 5 சதவீத பியர் 8 சதவீதம் போல எரிப்பது ஃபியூசல், அதற்கு மருந்தில்லை. காடி வாசனை என்றால் பழ ஈ உள்ளே போயிருக்கிறது அல்லது கலனை அடிக்கடி திறந்திருக்கிறீர்கள். ஒரு பாட்டில் மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பாட்டில் அழுக்கு. எல்லாம் கெட்டிருந்தால் வாளி, குழாய், மூடிக்குழாயின் உள்மடிப்பு என்று பின்னோக்கித் தேடுங்கள். வாளியின் அடிக்குழாயை முழுதாகக் கழற்றிக் கழுவாதவர்களுக்குத் தொற்று பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

ஒப்பிட ஒரு கடை பியர் பக்கத்தில் இருக்கட்டும். கேப் டவுனின் டெவில்ஸ் பீக் காய்ச்சும் கிங்ஸ் பிளாக்ஹவுஸ் ஐ.பி.ஏ. நல்ல அளவுகோல்: கசப்பு நம்முடையதைவிடக் கூர்மை, ஹாப்ஸ் அமெரிக்க வாசனை. இரண்டையும் மாறி மாறி முகர்ந்தால் தென்னாப்பிரிக்க ஹாப்ஸின் வெப்பமண்டலப் பழ வாசனை தனியாகத் தெரியவரும். நைஸ்னாவில் 1983-இல் தொடங்கிய மிட்சல்ஸ், குவாசுலு-நேட்டால் நடுநாட்டில் 1996-இல் தொடங்கிய நாட்டிங்ஹாம் ரோடு போன்ற பழைய சிறு மதுவாலைகளின் ஏல்கள் மால்ட் பக்கம் சாய்ந்தவை. மால்ட்டைப் படிக்க அவை உதவும். இத்தகைய ஒப்பீட்டுக்கு ஆளுக்கு 100 மில்லி போதும். வண்டி ஓட்ட வேண்டியவர் முகர்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

அடைத்த மூன்றாம் வாரத்தில் இந்தப் பியர் உச்சத்தில் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆறு வாரம் வரை பழ வாசனை நிற்கும். 28 டிகிரி அலமாரியில் விட்டால் ஒரு மாதத்துக்குள் கிரனடில்லா போய், பழைய தேன் வாசனை வந்துவிடும். இடமில்லாதவர்கள் பாதி அளவு காய்ச்சுவது நல்லது, எல்லா அளவையும் இரண்டால் வகுத்தால் போதும், ஆவியாகும் தண்ணீரை மட்டும் அதே நான்கு லிட்டராக வைத்துக்கொள்ளுங்கள்.

கலனின் அடியில் இருக்கும் ஈஸ்ட் கூழை வீசாதீர்கள். உலர் ஹாப்ஸ் போடுமுன் அடிக்குழாய் வழியே 200 மில்லி கூழை, கொதிநீரில் சுத்தமாக்கிய கண்ணாடிப் புட்டியில் பிடித்து, மூடியைத் தளர்வாக வைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் இதே அளவு இன்னொரு பியருக்குப் போதும். போடுமுன் முகருங்கள். ரொட்டி வாசனை என்றால் போடலாம், புளித்த பால் வாசனையோ ரப்பர் வாசனையோ என்றால் தொட்டியில் கொட்டிவிட்டுப் புதுப் பொட்டலம் வாங்குங்கள்.